தோல் கேன்சர் ஹார்ட்டுக்குப் பரவிட்டா ஆபரேஷன் பண்ண முடியுமா?

எக்கோ ரிப்போர்ட்ல "வலது மேலறைக்குள்ள ஒரு கட்டி தெரியுது"ன்னு இருக்கும், அதப் படிச்சதும் வீட்ல இருக்குறவங்களுக்கு கையும் ஓடாது காலும் ஓடாது, டாக்டர் பழைய ஃபைலப் பொறுமையா புரட்டிட்டு "ஏழெட்டு வருஷம் முன்னாடி முதுகுல ஒரு மச்சம் எடுத்தீங்களே, அத டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களா, என்னன்னு வந்துச்சு?"ன்னு கேப்பாரு. அந்த மச்சத்துக்கும் இந்த நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு புரியவே கொஞ்ச நேரம் ஆகும். புரிஞ்ச உடனே எல்லார் வாயிலயும் வர்ற முதல் கேள்வி ஒன்னுதான், அத வெட்டி எடுத்துட முடியாதா டாக்டர்?

முடியும், சில பேருக்கு. ஆனா அந்த ஆபரேஷன் எதுக்காகப் பண்றாங்க, அதுல என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுங்கறது தெளிவா தெரியாம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நான் நெனைக்கிறேன், அதுக்காகத்தான் இத முழுசா எழுதுறேன். சுருக்கமா சொன்னா, ஹார்ட்ல இருக்குற கட்டிய எடுக்குறது அடைப்ப நீக்குற வேலை. கேன்சரோட சண்டை போடுறது மருந்தோட வேலை. இந்த ரெண்டையும் ஒன்னா போட்டுக் குழப்பிக்காம இருந்தா மிச்சது எல்லாம் சுலபமா புரிஞ்சிடும்.

முதல்ல எந்த தோல் கேன்சர்னு பாக்கணும். தோல்ல வர்ற கேன்சர்ல ரொம்ப சாதாரணமா வர்ற ரெண்டு வகை, பேசல் செல், ஸ்குவாமஸ் செல்னு சொல்வாங்க, அதுல பேசல் செல் வகை அந்த எடத்த விட்டு நகர்றதே ரொம்ப அபூர்வம், ஸ்குவாமஸ் செல்லும் ஹார்ட் வரைக்கும் போறது அபூர்வம்தான். இங்க நாம பேசுறது மெலனோமாவப் பத்தி. தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின்ங்கற கறுப்புப் பொருள தயாரிக்கிற செல்லுலேருந்து வர்றது இது. எண்ணிக்கைல பாத்தா தோல் கேன்சர்ல இது சின்னப் பங்குதான், ஆனா தோல் கேன்சரால வர்ற சாவுல பெரும்பங்கு இதாலதான்.

வெள்ளைத் தோல் இருக்குறவங்களுக்கு மட்டும்தான் இது வரும்னு ஒரு நெனப்பு நம்மள்ல நெறைய பேருக்கு இருக்கு. அவங்களுக்கு அதிகம் வருதுங்கறது உண்மை. ஆனா கறுப்பா மாநிறமா இருக்குறவங்களுக்கு இது வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடின்னு யாரும் உத்துப் பாக்காத எடத்துல வருது, அதனாலேயே லேட்டா கண்டுபிடிக்கிறாங்க. பாடகர் பாப் மார்லிக்கு கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில 1977ல இத கண்டுபிடிச்சாங்க, அது நுரையீரல், மூளைன்னு பரவி 1981 மே மாசம் 36 வயசுல இறந்துட்டாரு. நகத்துல ஒரு கறுப்புக் கோடு வந்து அது அகலமாயிட்டே போச்சுன்னா எங்கயோ இடிச்சுக்கிட்டேன்னு விட்டுடாதீங்க.

இன்னொரு விஷயம், இந்த நோய்க்கு பொறுமை ரொம்ப ஜாஸ்தி. மச்சத்த எடுத்து பத்து வருஷம் நல்லா இருந்துட்டு அதுக்கப்புறம் வேற உறுப்புல தலை தூக்கினவங்க இருக்காங்க. சில பேருக்கு தோல்ல எங்க ஆரம்பிச்சதுன்னே கண்டுபிடிக்க முடியாது, உள்ளதான் முதல்ல தெரியும்.

இப்ப இது ஹார்ட்டுக்கு எப்படிப் போகுது? பெரும்பாலும் ரத்தத்து வழியாத்தான். உடம்புல இருக்குற ரத்தம் மொத்தமும், ஏறக்குறைய 5 லிட்டர், சும்மா படுத்திருக்கும்போதே ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஹார்ட்டச் சுத்தி வந்துடுது. கட்டிலேருந்து பிச்சுக்கிட்டு ரத்தத்துல கலந்த செல் எதுவா இருந்தாலும் ஹார்ட்டத் தாண்டித்தான் போயாகணும். பெரும்பாலான செல் அந்த வேகத்துல தாக்குப் பிடிக்காம செத்துடும், தப்பிக்கிற ஒன்னு ரெண்டு ஹார்ட்டோட தசைக்குள்ளயோ, வெளிய சுத்தியிருக்குற உறையிலயோ, உள்ள அறையோட சுவத்துலயோ ஒட்டிக்கிட்டு வளர ஆரம்பிக்குது. ஹார்ட்லயே பிறக்குற கட்டி ரொம்ப அபூர்வம், வேற எடத்துலேருந்து ஹார்ட்டுக்கு வந்து சேர்ற கட்டி அத விடப் பல மடங்கு அதிகம். அதுலயும் ஹார்ட்டத் தேடிப் போறதுல மெலனோமாவுக்கு ஈடா இன்னொரு கேன்சர சொல்றது கஷ்டம்.

1968ல அமெரிக்காவுல கிளான்சி, ராபர்ட்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் மெலனோமாவுல இறந்து போன 70 பேரோட போஸ்ட்மார்ட்டத்த ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, 64 சதவீதம் பேரோட ஹார்ட்ல இந்த நோய் இருந்திருக்கு. மூணுல ரெண்டு பேருக்கு கிட்டத்தட்ட. ஆனா உயிரோட இருக்கும்போது ஹார்ட்ல கண்டுபிடிக்கிறது நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா சின்னச் சின்னப் பொட்டா தசைக்குள்ள இருக்குற வரைக்கும் அது எந்தத் தொந்தரவும் குடுக்குறதில்ல, ஹார்ட் பாட்டுக்கு ஒரு நாளைக்கு 1 லட்சம் தடவ அடிச்சிட்டே இருக்கும். நோய் முத்தின ஹார்ட்டத் திறந்து பாத்தா அங்கங்க கறுகறுன்னு புள்ளி புள்ளியா இருக்கும், அதனால இத கரி ஹார்ட்னே டாக்டருங்க சொல்றதுண்டு. எனக்கு இதுல ஒரு விஷயம் எப்பவும் மனசுல நிக்கும். இந்த நோய்க்கு கறுப்புங்கற அர்த்தத்துல மெலனோஸ்னு முதல்ல பேர் வச்சது 1800கள் ஆரம்பத்துல பிரான்ஸ்ல இருந்த லெனெக்ங்கற டாக்டர், அதே மனுஷன்தான் 1816ல ஸ்டெதாஸ்கோப்பையும் உருவாக்கினாரு.

தொந்தரவு எப்ப வரும்னா கட்டி எங்க இருக்குங்கறதப் பொறுத்து. அறைக்குள்ள தொங்குற கட்டியா இருந்தா ரத்தம் போற வழிய அடைக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், சட்டுனு எந்திரிச்சா கண்ண இருட்டிட்டு வரும். தசைக்குள்ள, முக்கியமா துடிப்ப நடத்துற மின்சார ஓட்டம் போற பாதைல உக்காந்தா படபடப்பு, துடிப்பு தாறுமாறாகுறது, திடீர்னு மயக்கம். வெளி உறையில வந்தா அதுக்குள்ள நீர் கோத்துக்கும். கட்டிலேருந்து ஒரு துண்டு பிஞ்சா அது வலது பக்கத்துலேருந்துன்னா நுரையீரலுக்குப் போயி அடைக்கும், இடது பக்கத்துலேருந்துன்னா மூளைக்குப் போயி ஸ்ட்ரோக் வரலாம். இதெல்லாம் வேற நூறு காரணத்தாலயும் வர்ற அறிகுறிதான், அதனால எப்பவோ மெலனோமா வந்தவங்க புதுசா மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட போனா, பழைய கதைய மறக்காம முதல்லயே சொல்லிடணும்.

எக்கோ திரைல இந்தக் கட்டி எப்படித் தெரியும்னு ஒரு தடவ பாத்தவங்க மறக்க மாட்டாங்க. வலது மேலறைக்குள்ள ஒரு வெளிறின உருண்டை, சுவத்துலேருந்து காம்பு மாதிரி ஒன்னு புடிச்சிருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறக்கும்போது அந்த உருண்டை கீழறைக்குள்ள எட்டிப் பாக்கும், வால்வு மூடும்போது திரும்ப மேல வரும். கிணத்துல வாளி எறங்கி ஏர்ற மாதிரி. ஒரு தடவ அது வால்வுக்குள்ள சிக்கி நின்னுடுச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்கன்னா, டாக்டர் ஏன் அவசரப்படுறாருன்னு புரியும்.

ஆனா எக்கோல தெரியுறது எல்லாம் கேன்சர் இல்ல, இதுலதான் பதட்டப்படாம இருக்கணும். ரத்தக்கட்டும் அப்படித்தான் தெரியும், மிக்சோமான்னு கேன்சர் இல்லாத ஒரு கட்டி இருக்கு அதுவும் அப்படித்தான் தெரியும். அதுக்குத்தான் எம்ஆர்ஐ. மெலனின்ங்கற பொருளுக்கு லேசான காந்த குணம் இருக்குறதால ஒரு குறிப்பிட்ட வகை எம்ஆர்ஐ படத்துல மெலனோமா பளிச்சுன்னு தெரிய வாய்ப்பிருக்கு, ரத்தக்கட்டுக்கு ரத்த ஓட்டம் இருக்காதுங்கறதால மருந்து ஏத்தி எடுக்குற படத்துல அது தனியா தெரியும். பெட் ஸ்கேனும் எடுப்பாங்க, அது உடம்பு பூரா வேற எங்கெல்லாம் இருக்குன்னு காட்டும். அதுல ஒரு சிக்கல் என்னன்னா பெட் ஸ்கேன் சர்க்கரைய உறிஞ்சுற எடத்தத்தான் காட்டும், ஹார்ட் தசையும் சர்க்கரைய நல்லா உறிஞ்சும், அதனால ஹார்ட்டையே பாக்கணும்னா முந்தின நாள்லேருந்து மாவுப்பொருள் இல்லாம கொழுப்பு அதிகமா இருக்குற சாப்பாடா சாப்பிட்டு அப்புறம் வெறும் வயித்தோட வரச் சொல்வாங்க. இத வேண்டாத கெடுபிடின்னு நெனச்சு இடையில ஒரு டீ குடிச்சிட்டுப் போனா ஸ்கேனே வீணாயிடும்.

சரி, யாருக்கு ஆபரேஷன்? கட்டி ஒன்னே ஒன்னா இருக்கணும், இல்ல முக்கியமான கட்டி ஒன்னா இருக்கணும், அது அறைக்குள்ள தொங்கிட்டு ரத்த ஓட்டத்த அடைக்குது இல்ல பிஞ்சு போற மாதிரி இருக்கு, உடம்புல வேற எடத்துல நோய் இல்ல, இருந்தாலும் மருந்துக்கு கட்டுப்படுற அளவுல இருக்கு, ஆளும் நெஞ்சத் திறந்து பண்ற ஆபரேஷனத் தாங்குற தெம்போட இருக்காரு, இப்படி எல்லாம் கூடி வந்தா சர்ஜன் சரின்னு சொல்வாரு. கீழறையோட தசைக்குள்ள வேர் விட்டிருந்தா, பல எடத்துல பொட்டுப் பொட்டா இருந்தா, வெட்டுறதுல லாபமே இல்ல, அவ்ளோ தசைய எடுத்துட்டா மிச்ச ஹார்ட்டால பம்ப் பண்ண முடியாது. ஹார்ட்டையே மாத்திட முடியாதான்னு கேப்பாங்க. ஹார்ட் மாத்தினா உடம்பு அத ஒதுக்காம இருக்க எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்த வாழ்நாள் பூரா சாப்பிடணும், மெலனோமாவ கட்டிப்போட்டு வச்சிருக்குறதே அந்த எதிர்ப்பு சக்திதான், அத அடக்கினா மிச்சம் மீதி இருக்குற கேன்சர் செல்லுக்கு கதவத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும். அதனால அந்தப் பேச்சே கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னாடி தலைக்கும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வாங்க. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணப் போறாங்க, தலைய ஏன் பாக்குறாங்கன்னு கேக்காதவங்க கிடையாது. காரணம் இருக்கு. மெலனோமா மூளைக்குப் பரவுறது அதிகம், மூளைல இருக்குற அந்தக் கட்டி சட்டுனு ரத்தம் கசியுற வகை. ஹார்ட்ட நிறுத்திப் பண்ற ஆபரேஷனுக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெபரின்ங்கற மருந்த ரொம்ப அதிக அளவுல குடுத்தாகணும். தலைக்குள்ள சின்னதா ஒன்னு இருந்து அது தெரியாம ஹெபரின் ஏத்திட்டா, நெஞ்சக் காப்பாத்தப் போயி மூளைல ரத்தம் கொட்டிடும்.

இனி தியேட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். மயக்கம் குடுத்ததும் தொண்டை வழியா ஒரு எக்கோ குழாய உள்ள விடுவாங்க, ஆபரேஷன் முடியுற வரைக்கும் அது உள்ளயேதான் இருக்கும், கட்டி கடைசி நேரத்துல எடம் மாறியிருக்கா பிஞ்சிருக்கான்னு பாக்க. நெஞ்செலும்ப நடுவுல நேரா அறுத்து ரெண்டு பக்கமும் விலக்குவாங்க. உறையத் திறந்ததும் அடிச்சிட்டு இருக்குற ஹார்ட் தெரியும். இந்த எடத்துல சர்ஜன் ஹார்ட்ட கை வச்சு அழுத்தவோ புரட்டவோ மாட்டாரு, உள்ள தொங்குற கட்டி உடைஞ்சு ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிடக்கூடாதுங்கற பயம்தான். ஹெபரின் குடுத்து, ரத்தம் உறைய எவ்ளோ விநாடி ஆகுதுன்னு ஒரு டெஸ்ட் பாப்பாங்க, சாதாரணமா ரெண்டு நிமிஷத்துக்குள்ள உறையுறது 480 விநாடியாவது ஆகணும்னு வழக்கமா வச்சிருக்காங்க, அந்த நம்பர் வந்தாத்தான் மெஷின ஓட்டுவாங்க.

மேல் உடம்புலேருந்தும் கீழ் உடம்புலேருந்தும் ஹார்ட்டுக்கு வர்ற ரெண்டு பெரிய ரத்தக்குழாய்லயும் தனித்தனியா டியூப் போட்டு, ரத்தத்த ஹார்ட்டுக்குள்ளயே போக விடாம ஹார்ட் லங் மெஷினுக்குத் திருப்பி விடுவாங்க. மெஷின் அதுல ஆக்சிஜன ஏத்தி உடம்புக்கு அனுப்பும். இந்த மெஷின வச்சு முதல் தடவ வெற்றிகரமா ஆபரேஷன் பண்ணது 1953 மே 6ஆம் தேதி, ஜான் கிப்பன்ங்கற அமெரிக்க சர்ஜன். அதுக்கு முன்னாடி ஹார்ட்டோட அறையத் திறந்து நிதானமா உள்ள பாத்து வேலை செய்றதுங்கறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அப்புறம் மகாதமனிய ஒரு கிளாம்ப் போட்டு மூடிட்டு, பொட்டாசியம் கலந்த குளிர்ச்சியான கரைசல ஹார்ட்டோட ரத்தக்குழாய்க்குள்ள விடுவாங்க. துடிப்பு மெதுவாகி, சின்னதா நடுங்கி, நின்னுடும். மானிட்டர்ல கோடு நேராயிடும். அதுக்கப்புறம்தான் வலது மேலறைய வெட்டித் திறப்பாங்க. மெலனோமா சில சமயம் கறுப்பா பழுப்பா இருக்கும், சில சமயம் நிறமே இல்லாம மாமிச நிறத்துல இருக்கும், கண்ண மட்டும் நம்பி இது அதுதான்னு சொல்லிட முடியாது. காம்பு ஒட்டியிருக்குற சுவத்தையும் சுத்தி கொஞ்சம் நல்ல எடத்தையும் சேத்து வெட்டி எடுப்பாங்க. சுவத்துல விழுந்த ஓட்டைய ஹார்ட்டோட உறையிலேருந்தே ஒரு துண்டு வெட்டியோ, பதப்படுத்தின மாட்டு உறைய வச்சோ ஒட்டுப் போட்டுத் தைப்பாங்க. வால்வ கடிச்சிருந்தா வால்வ சரி பண்ணனும், முடியலன்னா மாத்தணும். துடிப்ப ஆரம்பிச்சு வைக்கிற முடிச்சு மேல் ரத்தக்குழாய் வந்து சேர்ற மூலையில இருக்கு, அத கீழ கடத்துற முடிச்சு வால்வுக்குப் பக்கத்துல, அந்தப் பக்கம் வெட்ட வேண்டி வந்தா அப்புறம் நிரந்தரமா பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். கிளாம்ப எடுத்ததும் சூடான ரத்தம் ஹார்ட் தசைக்குள்ள போகும், கொஞ்ச நேரத்துல அதுவா துடிக்க ஆரம்பிக்கும், இல்லன்னா ஒரு சின்ன ஷாக். தொண்டைல இருக்குற எக்கோல அறை காலியா இருக்கா, வால்வு கசியுதான்னு பாத்துட்டு மெஷின மெல்ல மெல்ல நிறுத்தி, ஹெபரின முறிக்கிற மருந்தக் குடுத்து, எலும்ப ஸ்டீல் கம்பியால கட்டி மூடுவாங்க. எலும்பு சேர ரெண்டு மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் பாரம் தூக்கக்கூடாது.

முழுசா எடுக்க முடியலன்னா அடைக்கிற அளவுக்கு மட்டும் எடுத்துட்டு நிறுத்திக்கிறதும் உண்டு. அத கேட்டு "பாதில விட்டுட்டாங்களே"ன்னு மனசு ஒடைஞ்சு போகாதீங்க, மூச்சு விட முடியாம இருந்தவர் நிம்மதியா படுத்துத் தூங்குறாருன்னா அந்த ஆபரேஷன் அதோட வேலைய செஞ்சிடுச்சு.

உறைக்குள்ள நீர் கோத்தா அதுக்கு இவ்ளோ பெரிய ஆபரேஷன் வேண்டாம். அங்க சாதாரணமா சில ஸ்பூன் அளவு நீர்தான் இருக்கும், மெதுவா சேந்தா ஒரு லிட்டர் வரைக்கும்கூட உறை விரிஞ்சு கொடுக்கும், ஆனா வேகமா சேந்தா 200 மில்லிக்குள்ளயே ஹார்ட்ட விரிய விடாம நெரிச்சிடும், அது அவசரம். ஊசி வழியா குழாய் போட்டு எடுப்பாங்க, திரும்பத் திரும்ப வந்தா உறையில ஒரு சின்ன ஜன்னல் வெட்டி நீர் வெளியேற வழி பண்ணுவாங்க. எடுத்த கொஞ்ச நேரத்துலயே ஆள் முகம் மாறிடும்.

இப்ப மருந்துக்கு வர்றேன், ஏன்னா இதுதான் ஆபரேஷனுக்கே அர்த்தம் குடுக்குது. ஹார்ட்டுக்குப் போயிட்டாலே அது நாலாவது ஸ்டேஜ். 2011க்கு முன்னாடி நாலாவது ஸ்டேஜ் மெலனோமான்னா பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷம்கூட கிடைக்காது, அதனால ஹார்ட்டத் திறந்து எடுக்குறதுக்கே பல சர்ஜன்கள் தயங்கினாங்க. 2011ல இபிலிமுமாப் வந்துச்சு, 2014ல பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். இதெல்லாம் கேன்சர நேரடியா கொல்ற மருந்து கிடையாது, நம்ம எதிர்ப்பு சக்தி மேல இருக்குற பிரேக்க எடுத்து விடுது, அதுக்கப்புறம் நம்ம உடம்பே அடிக்கும். அந்த பிரேக்க எடுத்து விட்டு கேன்சருக்கு வைத்தியம் பண்ணலாம்னு கண்டுபிடிச்ச ஆலிசன், ஹோன்ஜோ ரெண்டு பேருக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க. இபிலிமுமாப், நிவோலுமாப் ரெண்டையும் சேத்துக் குடுத்த ஒரு பெரிய சோதனைல 10 வருஷம் கழிச்சும் 43 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. ஹார்ட்டுக்குப் பரவினவங்களுக்குன்னு தனியா எடுத்த கணக்கு இல்ல இது, அதையும் மனசுல வச்சுக்கணும். ஆனாலும் ஒரு காலத்துல மாசத்துல எண்ணிட்டு இருந்தத இப்ப வருஷத்துல எண்ணுறாங்க.

பிராஃப்னு ஒரு மரபணு மாற்றம் இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு, மெலனோமா வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மாற்றம் இருக்கும், மாத்திரை வேகமா கட்டியச் சுருக்கும். அதனால அவசரமான அடைப்பு இல்லன்னா பல டாக்டர்கள் முதல்ல மருந்தக் குடுத்துப் பாப்பாங்க, கட்டி சுருங்கிட்டா ஆபரேஷனே வேண்டியிருக்காது. கட்டி வால்வுல ஆடிட்டு இருந்தா மருந்து வேலை செய்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, அப்ப ஆபரேஷன் முதல்ல, காயம் ஆறின சில வாரத்துல மருந்து. இந்த எதிர்ப்பு சக்தி மருந்து நூத்துல ஒருத்தருக்கு ஹார்ட் தசையையே தாக்கி வீங்க வைக்கும், அரிதுதான் ஆனா ஆபத்தானது, அந்த மாத்திரையும் சிலருக்கு பம்ப் சக்திய கொறைக்கும். ஏற்கனவே அடிபட்ட ஹார்ட்டுங்கறதால மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு இசிஜி, ட்ரோபோனின்ங்கற ரத்த டெஸ்ட் (ஹார்ட் தசை அடிபட்டா காட்டிக் குடுக்கும்), எக்கோ எடுத்து வச்சுக்கிறது நல்லது, அப்பத்தான் அப்புறம் மாறினா தெரியும். மருந்து ஓடும்போது புதுசா நெஞ்சு வலி, அசதி, படபடப்பு வந்தா அடுத்த அப்பாயின்மெண்ட் வரைக்கும் பொறுக்காதீங்க, அன்னைக்கே போங்க.

சர்ஜன்கிட்டயும் கேன்சர் டாக்டர்கிட்டயும் தனித்தனியா பேசி நீங்களே நடுவுல தூது போயிட்டு இருக்காதீங்க, ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்து பேசினாங்களான்னு கேளுங்க. இந்த ஆபரேஷனால இவருக்கு எது மாறும், எது மாறாது, பண்ணலன்னா அடுத்த சில வாரத்துல என்ன நடக்கலாம்னு நேராவே கேளுங்க.

அப்படியே அந்தப் பழைய மச்சத்த எடுத்த லேப்ப தேடிப் பிடிங்க. மச்சத்த டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தா அத மெழுகுக் கட்டிக்குள்ள பதிச்சு வச்சிருப்பாங்க, வருஷக்கணக்கா கெடாது, பல லேப்ல பத்திரமா இருக்கும். பிராஃப் டெஸ்ட்ட பல சமயம் அதுலயே பண்ணிடலாம், வெறும் டெஸ்ட்டுக்காக ஹார்ட்டுலேருந்து சதை எடுக்க வேண்டிய அவசியமே வராம போகலாம். ரசீது, ரிப்போர்ட் நம்பர், தேதி, எது கைல கிடைச்சாலும் எடுத்துட்டுப் போங்க.